ரகசிய ஓட்டு

வடக்கே இந்தி பேசும் ஊரில், தமிழர்கள் குடிசை போட்டு வாழும் மதராசி கேம்ப். அங்கே முதியோர் கல்வி வகுப்பில் அன்றைக்குத் தேர்தல் பாடம். குடிசைகளுக்குத் தண்ணீர்க் குழாய் கேட்டு அதிகாரியைப் பார்க்க யார் போவது என்பதை, நிஜமாகவே ஓட்டுப் போட்டு முடிவு செய்யச் சொன்னார் பூவராகவன் வாத்தியார். வேலுவும் செங்கம்மாளும் போட்டியில் நின்றார்கள்.

"எனக்குத்தான் போடணும். சத்தியம் பண்ணு" என்று மனைவி அருக்காணியிடம் கையை நீட்டினான் வேலு. அவளும் பண்ணினாள்.

"யாருக்குப் போட்டோம்னு புருஷன்கிட்டகூடச் சொல்ல வேண்டியதில்லைம்மா" என்றார் வாத்தியார். அந்தத் தைரியத்தில் அருக்காணி, இந்தியில் வெளுத்துக்கட்டும் செங்கம்மாளுக்கே போட்டுவிட்டாள்.

எண்ணிப் பார்த்தால், அத்தனை ஓட்டும் செங்கம்மாளுக்கு! வகுப்பே சிரித்தது.

வீட்டுக்கு வந்ததும் வேலு குதித்தான். "கட்டின பொண்டாட்டி, நீகூட எனக்குப் போடலையே!"

நடுங்கிப்போன அருக்காணிக்கு அப்போதுதான் உறைத்தது. "ஏனுங்க, எல்லா ஓட்டும் அவளுக்குன்னா, உங்க ஓட்டு எங்க போச்சு?"

வேலுவின் குரல் இறங்கிவிட்டது.

"அதிகாரிகிட்ட அவ பேசினாத்தானே புள்ள தண்ணி வரும்? எனக்கு நீ ஒருத்தியாவது போடுவேங்கிற நம்பிக்கையிலதான் நான் அவளுக்குப் போட்டேன்!"