கண்ணை மட்டும்

கண்ணை மட்டும் மறைத்தால் போதும் என்றாள் அவள்.

படத்தை இறக்க வேண்டாம். கிழிக்க வேண்டாம். கண்ணாடிக்கு மேல் ஒரு துண்டுக் கறுப்புத் தாள் ஒட்டினால் போதும்.

கண்காட்சிக் கூடத்தின் நிர்வாகி இளவயதுப் பெண். பொறுமையாகக் கேட்டாள். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள்.

எதிர்ச்சுவரில் கேட்க வந்தவளே இருந்தாள். ஆள் உயரப் படம். முழங்கால் வரை சேறு. மடியில் மகள்.

சங்கவிக்கு அப்போது எட்டு வயது. ஏரி உடைந்த மறுநாள் காலையில் கருவேலம் புதரிலிருந்து எடுத்தார்கள். கண் திறந்தபடி இருந்தது. அம்மாதான் மூடிவிட்டாள். மூடிய பிறகுதான் தூக்கிப் போனார்கள்.

படம் அதற்கு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது.

எடுத்தது யாரென்று அவளுக்குத் தெரியாது. அன்றைக்குச் சுற்றி இருந்த யாரும் அவள் நினைவில் இல்லை. பிறகு பிழைப்புக்காகச் சென்னை வந்தாள். சித்தாள் வேலைக்குப் போகிற பேருந்திலிருந்து ஒருநாள் மகளைப் பார்த்தாள். மேம்பாலத் தூணில் கண்காட்சிச் சுவரொட்டி.

பிறகு தினமும் பார்த்தாள். ஓரம் கிழிந்தது. மழையில் பாதி உரிந்தது. சங்கவி மட்டும் கண் கொட்டாமல் போகிற வருகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உடன் வேலை செய்யும் ஒருத்தி முகவரியைப் படித்துச் சொன்னாள். இன்று வேலைக்குப் போகாமல் இங்கே வந்துவிட்டாள்.

நிர்வாகி விளக்கினாள். படம் எடுத்தவர் நிவேதன். வெளிநாட்டில் பெரிய பரிசு வாங்கிய படம். அதை யாரும் வெட்டக் கூடாது, மறைக்கக் கூடாது, நிறம் மாற்றக் கூடாது. காசு கொடுத்து வாங்கியவர்கூடக் கை வைக்க முடியாது. சட்டத்தில் அதற்குத் தார்மீக உரிமை என்று பெயர். படைத்தவருக்கு உரியது. படத்தை விற்றாலும் அது போகாது. அவர் செத்தாலும் அவர் பிள்ளைகள் கேட்கலாம்.

"படத்துல இருக்கறவங்களுக்கு?" என்று அவள் கேட்டாள்.

நிர்வாகி யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள்.

"அப்படி எதுவும் இல்லம்மா."

பிறகு நிவேதனுக்குப் போன் செய்தாள்.

அவன் உடனே வந்துவிட்டான். அவளைப் பார்த்ததும் வாசலிலேயே கைகூப்பினான். அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தான். பெயர் கேட்டான். பூங்காவனம் என்றாள். குழந்தையின் பெயரையும் கேட்டான்.

சங்கவி.

நல்ல பெயர் என்றான். அவன் கண் கலங்கியது. நடிப்பு இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அதனால் தைரியமாகச் சொன்னாள். கண்ணை மட்டும்.

அவன் குரல் மென்மையாக இருந்தது.

அந்தக் கண்தான் படம் என்றான். அதை மறைத்தால் அன்று நடந்ததையே மறைத்த மாதிரி. அந்தக் கண்ணைப் பார்த்துத்தான் அமைச்சர் அவளுடைய ஊருக்கு வந்தார். அதைப் பார்த்துத்தான் ஏரிக்கரையைக் கான்கிரீட் போட்டு உயர்த்தினார்கள். அதற்குப் பிறகு எத்தனை மழை பெய்தது, ஊரில் ஒரு குழந்தையாவது போனதா என்று கேட்டான்.

போகவில்லை. கரை நிற்கிறது. அவளே அதன் மேல் நடந்திருக்கிறாள்.

"உங்க பொண்ணு ஊரையே காப்பாத்தியிருக்காம்மா."

அவள் சுவரில் இருந்த மகளைப் பார்த்தாள்.

சங்கவி கூச்சப்படுகிற பிள்ளை. கடைக்காரர் பெயர் கேட்டால்கூட அம்மாவின் முந்தானைக்குள் புகுந்துகொள்வாள். வேற்றாள் உற்றுப் பார்த்தால் அழுதுவிடுவாள். இதைச் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தாள்.

ஒரு ஏரிக்கரைக்கு எதிரில் வைத்துச் சொல்லும்படி அது பெரிதாகத் தோன்றவில்லை.

எழுந்தாள்.

படத்துக்கு முன்னால் ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் அவளைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்து விலகி வழிவிட்டார். மற்றவர்களும் விலகினார்கள்.

அவள் கிட்டே போய் வலது கையைக் கண்ணாடியின் மேல் வைத்தாள். சிமெண்டில் வெடித்த கை. இரண்டு கண்ணும் அதற்குள் அடங்கிவிட்டன.

தொடாதே என்று சொல்லிக்கொண்டே காவலாளி ஓடிவந்தார். நிர்வாகியும் எழுந்தாள்.

நிவேதன் கையை உயர்த்தி இருவரையும் நிறுத்தினான். யாரும் கிட்டே போக வேண்டாம் என்றான்.

அவர்கள் நின்றார்கள்.

அவள் கையை எடுக்காமல் திரும்பிப் பார்த்தாள். அவன் முகத்தில் பெரிய மரியாதை தெரிந்தது. கோயிலில் நிற்கிறவனைப் போல இருந்தான். புரிந்துகொண்டுவிட்டான் என்று நினைத்தாள்.

அவன் பார்வையை விலக்காமல் மெல்லப் பின்னால் நடந்தான். தோள்பையைத் திறந்தான்.



"அப்படியே இருங்கம்மா. கொஞ்ச நேரம்."

அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கேமராவின் சத்தம் விட்டுவிட்டு வந்தது. ஒரு முறை இடப்பக்கமிருந்து. ஒரு முறை வெகு அருகிலிருந்து. தோள் கடுத்தது.

கையை எடுக்க முடியவில்லை.

எடுத்தால் பிள்ளை கண் திறந்துவிடும்.