விட்டு விட்டு ஒரு வட்டம்

கம்ப்யூட்டர் திரையில், தான் வரைந்த வீட்டு ப்ளானில் இருந்த அந்தச் சின்ன வட்டத்தைத் தொட்டாள். அது நீலமானது.

அழிப்பதா, மறைப்பதா?

நாளைக் காலை கான்கிரீட்.

பூபதி காலையிலேயே போன் செய்துவிட்டார். வடவள்ளிப் பக்கம் வீடு கட்டுகிறவர். குளியலறை டைல்ஸ் பற்றியே அரைமணி நேரம் பேசக்கூடியவர், இன்று ஒரு நிமிடம்கூடப் பேசவில்லை.

"பெட்ரூம் பீம்ல தொட்டில் கொக்கி ஒண்ணு சொல்லியிருந்தமுங்க. அது வேண்டாமுங்க, எடுத்துருங்க."

"ஏனுங்க, இடம் மாத்தணுங்களா?"

"இல்லீங்க. குழந்தை தங்கலீங்க." பிறகு கேட்காமலே சொன்னார். "வெறும் கொக்கி தொங்கக் கூடாதுன்னு அம்மா சொல்றாங்க. தாரணி வேற அந்தப் பழைய ப்ளானை மடியில வெச்சுப் பாத்துட்டே உக்காந்திருக்கறா. புதுசா ஒண்ணு அனுப்பிச்சுருங்க."

சரிங்க என்றாள். போனை வைத்த பிறகு, ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று தன்மேலேயே எரிச்சலாக இருந்தது.

வீட்டுக்காரர்களுக்குப் போகும் தாளில் தலைக்கு மேல் இருப்பதையெல்லாம் மறைத்துவிடுவதுதான் ஆபீஸ் வழக்கம். பீம் கோடு தெரிந்தால் கட்டிலுக்கு மேலே பீம் ஆகாது என்பார்கள். கட்டிலை நகர்த்தினால் அலமாரி நகரும், அலமாரி நகர்ந்தால் கதவு நகரும். எதற்கு வம்பு?

பூபதியின் மனைவி தாரணிக்கு மட்டும் எதையும் மறைக்காத தாளைக் கொடுத்திருந்தாள். கொக்கியைக் கேட்டதே தாரணிதான்.

அன்று அத்தனை கோடுகளையும் விட்டுவிட்டு, நேராக அந்த வட்டத்தில் விரலை வைத்தாள் தாரணி.

"இது மட்டும் ஏனுங்கக்கா விட்டு விட்டு இருக்குது?"

சொன்னாள். வீட்டை நாலடி உயரத்தில் குறுக்கே அறுத்து, மேலிருந்து குனிந்து பார்ப்பதுதான் ப்ளான். அறுத்ததற்கு மேலே உள்ளதெல்லாம் போய்விடும். பீம், பரண், கொக்கி எதுவும் தெரியாது. கம்ப்யூட்டருக்கு அதில் வருத்தமில்லை. நாம்தான் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுக் காட்டச் சொல்ல வேண்டும். அப்போது கோடு விட்டு விட்டு வரும்.

"அப்ப அது இருக்குது. கண்ணுக்குத்தான் தெரியாது."

"அவ்வளவுதாங்க."

தாரணி சிரித்தாள். வயிறு இன்னும் தெரிய ஆரம்பிக்காத மாதம் அது.

மதியம் தாரணியே போன் செய்தாள். வீட்டில் யார் காதிலும் விழாமலிருக்கக் குழாயைத் திறந்து விட்டிருந்தாள்.

"அக்கா, அவரு எடுக்கச் சொல்லியிருப்பாருங்க. எடுத்துராதீங்க. பேப்பர்ல வேண்டாமுங்க. பீம்ல இருக்கட்டும்."

"அவரு பாத்துட்டா?"

"அன்னைக்குப் பாத்துக்கலாமுங்க." குழாயை இன்னும் திருகினாள். "அப்புறமா வெச்சுக்கலாம்னு எல்லாரும் சொல்றாங்கக்கா. அப்புறம் யாருங்க வெப்பாங்க?"

உண்மைதான். இறுகிய பீமில் துளை போட்டு ஏதாவது மாட்டலாம். அதை நம்பிப் பிள்ளையைப் போட முடியாது. கொக்கியின் கால் பீமுக்குள் வளைந்து, கம்பியோடு கம்பியாகக் கட்டுப்பட்டிருக்க வேண்டும். கான்கிரீட்டுக்கு முன்னால்.

இருக்கும் என்றாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொன்னாள்.

மறைத்தாள்.

அந்தத் தாளைப் பூபதிக்கு அனுப்பினாள். பிறகு அதையே நகலெடுத்து, சைட்டுக்கு ஒரு தாள் தயார் செய்தாள். பீமின் அளவுகளைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தாள். முப்பரிமாணக் காட்சியில் வீட்டைத் திருப்பி, உள்ளே போய், அண்ணாந்து பார்த்தாள். கொக்கி இருந்தது. மனது நிறைந்து, தாளைச் சைட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

அந்த நிறைவில் ஒன்றை மறந்தாள். ஒரு தாளில் மறைத்தது, அதன் நகலிலும் மறைந்தேதான் வரும்.

கம்பி கட்டுகிறவர்கள் கம்ப்யூட்டரைப் பார்ப்பதில்லை. தாளில் இருந்தால் கட்டுவார்கள். இல்லையென்றால் இல்லை.

கான்கிரீட்டைத் தாங்கிய சென்ட்ரிங் பலகைகளைப் பிரித்த பிறகு எல்லாரும் வீட்டைப் பார்க்க வந்தார்கள். பூபதியின் அம்மா சமையலறையில் நின்று, அடுப்பு எந்தப் பக்கம் என்று என்ஜினீயரைக் குடைந்துகொண்டிருந்தார். பூபதி படுக்கையறைக்குள் வந்து முதல் வேலையாக அண்ணாந்து பார்த்தார்.

"நல்லவேளைங்க," என்றார்.

அவளும் அண்ணாந்தாள்.

பீமின் அடிப்பக்கம் சாம்பல் நிறத்தில், பலகையின் வரிகள் பதிந்து, மொழுக்கென்று இருந்தது.

எங்கே தவறியது என்று அந்த நொடியே புரிந்தது. இனி புரிந்து என்ன செய்ய?

தாரணி அறை வாசலில் நின்றாள். அவளும் மேலே பார்த்தாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தேடினாள். பிறகு கண்ணை இறக்கி இவளைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

நடந்த தவறைச் சொல்ல இவள் வாயெடுத்தாள். பக்கத்தில் பூபதி.

"ஜன்னல் நல்லா வந்திருக்குதுங்க," என்றாள் தாரணி.

ஜன்னலைப் பார்க்க உள்ளே நடந்தாள். வெறும் அறை. ஒரு சாமான் கிடையாது. நேராகவே போயிருக்கலாம்.

பீமுக்குக் கீழே, அந்த வட்டம் இருந்த இடத்துக்கு வந்ததும் ஒதுங்கினாள். தோளைக் குறுக்கிக்கொண்டு, அங்கே தொங்கும் எதிலோ இடித்துவிடாமல், சத்தம் வராமல் சுற்றிக்கொண்டு போனாள்.