கடைசி ட்ரிப்பில் கூட்டம்

வங்கி, மருந்துக்கடை, ஆஸ்பத்திரி என்று ஒவ்வொன்றாக டவுனுக்குப் போய்விட, ஜனங்களும் பின்னாலேயே குடிபோய்விட்டதால் கண்டக்டரின் சொந்த ஊரில் பஸ் ஏற ஈ காக்கை கூட இல்லை. இன்றோடு அந்த ஸ்டாப்பே ரத்து. கடைசி ட்ரிப்பில் பார்த்தால், அங்கே கூட்டம் முண்டியடித்தது.

"இத்தனை பேரும் இவ்வளவு நாளா எங்க இருந்தீங்க?"

"இங்கயேதான் தம்பி. இப்ப எங்க இடத்தையும் டவுனுக்கு மாத்திட்டாங்க," என்றாள் முதலில் ஏறிய அம்மாள்.

"எந்த இடம்?"

"இடுகாடு."

சிரிக்கப்போனவன், படியேறும் கால்களைப் பார்த்தான். அத்தனையிலும் ஈரமண்.

கடைசியாக ஏறியவர், ஏழு வருடம் முன்பு அவன் கையாலேயே மண் போட்ட அப்பா.

"தினமும் இங்க நின்னு விசில் அடிச்சியே, ஒரு நாளாவது இறங்கி வந்து பாத்தியா? சரி விடு, நானே வர்றேன். உன் வீட்டுக்கு எந்த ஸ்டாப்புல இறங்கணும்?"