எதிர்ப்பக்கம்

வீட்டுக்குப் பின்னால் பேட்மிண்டன் கோர்ட் போட ஆரம்பித்தபோது மகள் உயிரோடு இருந்தாள். அவளுக்காகத்தான் அந்தக் கோர்ட்டே. கான்கிரீட் காய்வதற்குள் ஒரு காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது.

"வேலையை இதோட நிறுத்திடலாமா சார்?" என்று மேஸ்திரி தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"முடிச்சுக் கொடுத்துடுங்க" என்றார் அவளுடைய அப்பா.

பச்சை பெயின்ட் இரண்டு கோட் அடித்து, வெள்ளைக் கோடு போட்டு, வலையையும் இழுத்துக் கட்டிவிட்டு ஆட்கள் கிளம்பினார்கள். அன்று சாயங்காலம் வீட்டுக்குள் இருப்புக்கொள்ளாமல் அவர் மட்டையை எடுத்துப் போய், ஆளில்லாத எதிர்ப்பக்கத்துக்குப் பந்தை அடித்தார். அது திரும்பி வந்தது. காற்றாக இருக்கும் என்று மறுபடி அடித்தார். மறுபடியும் வந்தது.

அதிலிருந்து ஆபீஸ் விட்டு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் நேரே கோர்ட்டுக்குப் போய்விடுவார். மகள்தான் வந்துவிட்டாள் என்று மனைவி சமையலறை ஜன்னலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுவாள். பத்தாவது நாள் முகம் வெளுத்துப்போய் வெளியே இறங்கி வந்தாள்.

"என்னங்க, அது நம்ம பொண்ணு இல்லை. அவ இடது கைக்காரி. இது வலது கையால அடிக்குது. பந்து வர்ற பக்கத்தைப் பாருங்க."

அவர் குனிந்து காலடியில் கிடந்த பந்தை எடுத்தார். மடங்கியிருந்த இறகை விரலால் நீவிவிட்டார்.

"முதல் நாளே தெரியும்" என்றார். "திருப்பி அடிக்க யாராவது இருந்தாப் போதும்னு ஆயிடுச்சு எனக்கு."

அடித்தார். எதிர்ப்பக்கத்திலிருந்து, நேற்றைவிடக் கொஞ்சம் வேகமாக, பந்து திரும்பி வந்தது.