குழியானையின் முன்னேற்றம்

ஓட்டுச் சரிவிலிருந்து ஒழுகிய மழைநீர் குழியைக் கெடுத்துவிட்டதால், மணலில் குழி பறித்து எறும்பு பிடிக்கும் பூச்சியான குழியானை வேறு மணல் தேடிப் புறப்பட்டது. பின்பக்கமாக நகர்வதைத் தவிர வேறு நடை அதற்குத் தெரியாது.

வழியில் பார்த்த எறும்புக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன அண்ணே, பின்னால போறீங்க?"

"கண்ணைத் துடைச்சுட்டுப் பாரு. நான் எந்தப் பக்கம் போறேனோ, அதுதான் முன்னால."

போன வாரம் எறும்பின் கூட்டாளிகள் இரண்டு பேரைத் தின்றது இதே குழியானைதான். எறும்பு அதை மறக்கவில்லை. ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"அண்ணே, உங்க முதுகுக்குப் பின்னால பெரிய குழி ஒண்ணு இருக்கு. உள்ளே இருக்கிறது உங்க இனத்து ஆளுதான், ஆனா நல்ல பசியில இருக்காரு. ஒரே ஒரு தடவை திரும்பிப் பாருங்க."

"திரும்பிப் பார்க்கிறதா? எங்க பரம்பரையிலேயே அந்தப் பழக்கம் கிடையாது," என்றது குழியானை. "கடந்து வந்த பாதை பூரா என் கண்ணுக்கு எதிரே கிடக்கு. எங்கேயாவது தடுக்கி விழுந்திருக்கேனா, சொல்லு!"

எறும்பு வாயைத் திறப்பதற்குள் மணல் சரிந்தது. குழியானை சறுக்கிக்கொண்டே போய் மறைந்தது.

"பார்த்தியா," என்று குழிக்குள்ளிருந்து குரல் வந்தது, "இப்ப எவ்வளவு வேகமா முன்னேறுறேன்!"