கூரையில் ஏறிய ஆள்

"ஏறாதே! ஹரி, ஏணியில கால் வைக்காதே, சொல்லிட்டேன்!"

ஆனந்தவல்லி போனைப் பார்த்துக் கத்திய கத்தலில், பக்கத்து வீட்டு செல்வமேரி அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள்.

திருவெறும்பூரில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். கனடாவில் அப்போதுதான் விடிந்திருந்தது. வீடியோவில் ஹரிஹரசுதன் கையில் சுத்தியலோடு நின்றான். அவன் தலைக்கு மேலே கூரை ஓரம் முழுக்க ஒரு முழ உயரத்துக்குப் பனிக்கட்டி.

"வீட்டுக்குள்ள இருக்கிற சூட்டுல மேல பனி உருகுதும்மா. ஓரத்துக்கு வந்ததும் மறுபடி உறைஞ்சு, அணை கட்டின மாதிரி நிக்குது. தண்ணி போக வழியில்லாம உள்ள இறங்குது. பாப்பா ரூம் சீலிங் ஊறிப் போச்சு. எப்ப விழுமோ தெரியலை."

"வெந்நீர் ஊத்தேன்டா!"

"அதுவும் உறைஞ்சிடும்மா."

"ஆளைக் கூப்பிடு!"

"கூப்பிட்டாச்சு. எல்லா வீட்டுலயும் இதே கதைதான். புதன்கிழமை வரேங்கிறாங்க."

ஹரி முதல் படியில் கால் வைத்தான். ஏணி சறுக்கிக்கொண்டு ஒரு சாண் நகர்ந்தது.

ஆனந்தவல்லி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எனக்கு ஒத்தைப் புள்ளை, செல்வமேரி! இவன் விழுந்தா நான் என்ன பண்ணுவேன்?"

செல்வமேரியின் கணவரும் ரெண்டு வருஷமாக ஹரி இருக்கும் அதே ஊரில்தான் கட்டட வேலை பார்க்கிறார். ஹரி அவரைப் பார்த்ததுகூட இல்லை. ஒருநாள் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போடச் சொல்ல ஆனந்தவல்லிக்கும் தோன்றியதில்லை.

செல்வமேரி தன் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். ரெண்டு நிமிஷம் பேசிவிட்டு வந்தாள்.

"அத்தை, அண்ணனை ஏற வேண்டாம்னு சொல்லுங்க. அட்ரஸ் மட்டும் குடுங்க. எங்க வீட்டுக்காரருக்குத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் பக்கத்துலதான் இருக்காராம்."

அரை மணியில் ஆள் வந்துவிட்டார். கண் மட்டும் தெரிய முகமெல்லாம் துணி. ஏணியை அழுத்தி ஊன்றி, ஹரியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மேலே ஏறினார். கட்டியைத் தட்டித் தட்டி வாய்க்கால் மாதிரி வெட்டினார். தேங்கியிருந்த தண்ணீர் அதன் வழியாக இறங்கியது.

ஆனந்தவல்லிக்கு உயிர் வந்தது. சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"ஹரி, இந்தப் பக்க ஓரத்துல இன்னும் இருக்கு பாரு. வந்ததுதான் வந்தாரு, முழுசா எடுக்கச் சொல்லு."

"கால் வைக்க இடமில்லைம்மா அங்க."

"எல்லாம் வைப்பாங்க. சொல்லு நீ."

ஹரி சொன்னான். அந்த ஆள் ஒரு கணம் யோசித்தார். பிறகு ஏணியை விட்டுக் கூரைக்கே மாறினார். ரெண்டடி வைத்திருப்பார், கால் வழுக்கியது. உடம்பு பாதி வெளியே வந்து தொங்கியது.

செல்வமேரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நீ ஏன் இப்படிப் பயப்படறே?" என்று ஆனந்தவல்லி சிரித்தாள். "இவங்களுக்கு இதெல்லாம் பழக்கம். ஒண்ணும் ஆகாது. நல்லவேளை, என் புள்ளை ஏறலை."

செல்வமேரி கண்ணைப் போனிலிருந்து எடுக்கவில்லை.

அந்த ஆள் எப்படியோ ஊன்றி எழுந்து, மிச்சக் கட்டியையும் தட்டிவிட்டுக் கீழே இறங்கினார்.

"அம்மா, சொட்டறது நின்னுடுச்சு!" என்று ஹரி கத்தினான். "காபி சாப்பிட்டுப் போங்கன்னா மாட்டேங்கிறார். உங்க பக்கம் ஒரு வார்த்தை பேசணுமாம். இருங்க."

போன் கை மாறியது. முகத்துணியை இறக்கிவிட்டு அந்த ஆள் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்:

"மேரி, நான் இறங்கிட்டேன். இப்பவாவது மூச்சு விடு."