கலங்கரை விளக்குக்காரனின் மகள்

திரை விழுந்ததும் மண்டபம் அதிர்ந்தது.

மேடையின் ஓரத்தில், தட்டிக்குப் பின்னால் நின்றிருந்தாள் ஹெஸ்டர். டான்டன் நகர மண்டபத்தில் இப்படி ஒரு கைதட்டலை அவள் கேட்டதே இல்லை. மேயர் பதவியேற்ற அன்றுகூட இதில் கால்வாசிதான்.

தட்டுகிறவர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. நாடகம் என்ற பேச்சை எடுத்தாலே முகம் சுளிக்கிற பாதிரியாரும் அவர் மனைவியும் முன்வரிசை மெத்தை நாற்காலியில் உட்கார்ந்து தட்டினார்கள். வசூல் முழுக்கக் காதுகேளாத பிள்ளைகளின் பள்ளிக்குப் புதுக் கட்டடம் எழுப்ப என்று சொன்ன பிறகுதான் அவர்கள் மனம் இறங்கினார்கள்.

அவர்களை இறங்க வைத்ததும் ஹெஸ்டர்தான். துணிக்கடைக்காரரின் கையைக் காலைப் பிடித்துத் திரைச்சீலை வாங்கியது, வங்கிக் குமாஸ்தாவைக் கொலைகாரனாக நடிக்கச் சம்மதிக்க வைத்தது, வீடுவீடாகப் போய் டிக்கெட் விற்றது எல்லாமே அவள். அந்தப் பள்ளி விடுதியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மேட்ரன்.

ஆனால் அவள் நெஞ்சு விம்மியது அதற்காக அல்ல.

திரைக்கு இந்தப் பக்கம், மேடை நடுவில், மூச்சிரைக்க நின்றுகொண்டிருந்தாள் லெட்டி.

கலங்கரை விளக்குக்காரனின் ஊமை மகள் வேடம் அவளுக்கு. கடைசிக் காட்சியில், அப்பாவைக் கொன்றவன் யார் என்று நீதிபதிக்குச் சொல்ல வேண்டும். வாயால் ஒரு வார்த்தை கிடையாது. உடம்பாலேயே அலையைக் காட்டினாள், கத்தியைக் காட்டினாள். பிறகு ஒரு காலை லேசாக இழுத்துக்கொண்டு, கொலைகாரன் நடப்பதுபோலவே நீதிமன்றத்தைக் கடந்து போனாள். மண்டபத்தில் இருமல்கூட எழவில்லை. பாதிரியாரின் மனைவி கைக்குட்டையைத் தேடினாள்.

பிரிஸ்டலிலிருந்து வரும் புகழ்பெற்ற நடிகை என்று விளம்பரத் தாளில் போட்டிருந்தது. பிரிஸ்டலிலிருந்து வந்தது மட்டும் நிஜம். மற்றது ஹெஸ்டரின் கைச்சரக்கு.

லெட்டி அவள் பெற்ற பெண்.

பிள்ளை குட்டி இல்லாத விதவை தேவை என்றுதான் மேட்ரன் வேலைக்கு விளம்பரம் வந்தது. கணவனைப் புதைத்த ஈரம் காயவில்லை, கையில் ஒன்றும் இல்லை. குழந்தையை அக்காளிடம் விட்டுவிட்டு, எனக்கு யாருமில்லை என்று சொல்லி ஹெஸ்டர் வேலையில் சேர்ந்தாள். விடுமுறை நாளில் மட்டும் ரயிலேறிப் போய் மகளைப் பார்த்தாள். மற்ற நாளெல்லாம் பிறர் பிள்ளைகளுக்குத் தலை வாரிவிட்டாள். விஷயம் வெளியே வந்தால் வேலை போகும், படுக்கிற அறையும் போகும்.

அப்படியும் கூட்டிவந்துவிட்டாள். தன் மகளை ஒரு தடவையாவது ஊர் பார்க்கட்டும் என்ற ஆசை.

ஒத்திகைக்கு வரவில்லையே என்று கேட்டவர்களிடம், வசனமே இல்லாத வேடத்துக்கு என்ன ஒத்திகை என்றாள். வந்தவள் யாரோடும் பேசவில்லையே என்றவர்களிடம், பெரிய நடிகைகள் நாடகம் முடியும்வரை வாய் திறக்க மாட்டார்கள் என்றாள். எல்லோரும் மரியாதையாக ஒதுங்கிப் போனார்கள்.

இப்போது படியேறி வந்தார் கர்னல் டிரேக்காட். பள்ளி நிர்வாகக் குழுவின் தலைவர். பிள்ளைகள் விரலால் பேசிக்கொள்வது அசிங்கம், வாயால்தான் பேசப் பழக வேண்டும் என்று சட்டம் போட்டவர். கையில் பெரிய பூங்கொத்து.

"பாத்தீங்களா மேட்ரன்? நம்ம பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்கள்ல ஒண்ணை நடிக்க வைக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னீங்களே. ஊமையா நடிக்கிறதுக்கும் காது கேக்கணும். இப்படி ஒரு நடிப்பு அதுங்களால முடியுமா?"

"முடியுங்கய்யா" என்றாள் ஹெஸ்டர்.

கைதட்டல் சத்தத்தில் அது அவர் காதில் விழவில்லை. அவர் லெட்டியின் முதுகைப் பார்த்து, "வாம்மா, ஜனங்க உன்னைத்தான் கூப்பிடறாங்க" என்றார்.

லெட்டி திரும்பவில்லை.

கர்னல் கோபித்துக்கொள்ளவில்லை. பெரிய நடிகை என்றால் சும்மாவா என்பதுபோலச் சிரித்து, பூங்கொத்தை ஹெஸ்டரிடம் நீட்டினார். "நீங்களே குடுத்துக் கூட்டிட்டு வாங்க."

தானாகத் திரும்பிய லெட்டியின் கண் அம்மாவைத் தேடிப் பிடித்தது. மாலை முழுக்க மேடை விளிம்பு விளக்குகள் அவள் முகத்தில் அடித்திருந்தன. அவற்றுக்கு அப்பால் வெறும் இருட்டு. அதிலிருந்து ஒரு முகத்தைக்கூட அவளால் பார்க்க முடிந்திருக்காது. உடனே திரையும் விழுந்துவிட்டது.

அவள் இரண்டு கைகளையும் தூக்கினாள். விரல்கள் படபடவென்று கேட்டன.

'அம்மா, யாராவது கை தட்டினாங்களா?'

திரைக்கு அந்தப் பக்கம் மண்டபம் இடிந்து விழுந்துகொண்டிருந்தது.

கர்னலின் சிரிப்பு அப்படியே நின்றது. அவர் அந்த விரல்களைப் பார்த்தார். வங்கிக் குமாஸ்தாவும் ஒட்டுமீசையைப் பாதி பிய்த்தபடி பார்த்தார்.

கண்ணால் ஒரு அதட்டல் போதும், மகள் கையை இறக்கியிருப்பாள். இந்தப் பெண் என்ன செய்கிறாள், எனக்குப் புரியவில்லையே என்று ஹெஸ்டர் சொல்லியிருக்கலாம். நாளைக்கும் அந்த அறை அவளுடையதாக இருந்திருக்கும்.

அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. பூங்கொத்தைக் கர்னலின் கையிலேயே திணித்தாள். பதில் சொல்ல இரண்டு கையும் வேண்டும்.

எல்லோரும் பார்க்க, விரலால் சொன்னாள். கர்னலுக்கும் விளங்கட்டும் என்று, அதையே வாயாலும் சொன்னாள்.

"இன்னும் தட்டிக்கிட்டேதான் இருக்காங்க, மகளே."